கட்டைவிரலும் முழுக்கையும்: ஒரு கோடை நாட்குறிப்பு

மே 3, 2025, சனி. காரைக்குடி

சித்தப்பா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். சாப்பிட்ட கை காய்வதற்குள் வளவில் பாயை விரித்து, லேப்டாப்பில் கண்ட்ரோலரைச் சொருகி, "அண்ணே, ஏபெக்ஸ் போடுவோமா?" என்றான். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. நான் பத்து வருஷமாக மவுஸ், கீபோர்டு. அவன் கண்ட்ரோலரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. பயிற்சிக் களத்தில் நமக்குள்ளேயே சுட்டுக்கொள்ளும் வசதியைப் போட்டுக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்று பதினைந்து ரவுண்டு. அவன் ஒன்பது, நான் ஆறு.

ஒன்பதாவது ரவுண்டில் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "நீ அடிக்கலடா, எய்ம் அசிஸ்ட்தான் அடிக்குது." கண்ட்ரோலரில் ஆடுபவர் குறி பார்க்க விளையாட்டே செய்யும் உதவிக்கு அப்படிப் பெயர். அவன் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. "நீங்க தோள்ல இருந்து முழுக் கையையும் வச்சு ஆடுறீங்கண்ணே. எனக்கு ஒரு கட்டைவிரல்தான் இருக்கு." அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி படுத்த பிறகும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மே 4, ஞாயிறு

இன்று கருவியை மாற்றிக்கொண்டோம். அவனுடைய கண்ட்ரோலரில், கட்டைவிரலால் சாய்த்துக் குறியைத் திருப்பும் வலது ஸ்டிக்கின் ரப்பர் தேய்ந்து, நடுவில் பளபளவென்று வழுக்குகிறது. அதன் மொத்த அசைவே ஒரு புளியங்கொட்டை நகரும் தூரம்தான். மவுஸை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு திரும்பும், கை நின்றால் திரும்புவதும் நின்றுவிடும். ஸ்டிக் அப்படி இல்லை. எவ்வளவு சாய்க்கிறோம் என்பது திரும்பும் வேகத்தைத்தான் தீர்மானிக்கிறது, சாய்த்தே வைத்திருந்தால் சுற்றிக்கொண்டே போகும், குறி வந்த அந்தக் கணத்தில் சரியாக விட வேண்டும். ஒரு மணி நேரம் முயன்றேன். ஆளைத் தாண்டிப் போவேன், திரும்பி வருவேன், மறுபடி தாண்டுவேன். கட்டைவிரல் அடியில் வலி வந்துவிட்டது.

அப்புறம் செட்டிங்கில் போய் எய்ம் அசிஸ்ட்டை அணைத்துவிட்டு, நான் பழையபடி மவுஸ், அவன் கண்ட்ரோலர் என்று பதினைந்து ரவுண்டு ஆடிப் பார்த்தோம். நான் பதினான்கு, அவன் ஒன்று. ஜெயித்ததில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. உதவியே கூடாது என்று சொல்பவர்கள் இப்படி ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ட்ரோலருக்கு உதவி வேண்டும். 2001இல் வந்த முதல் ஹேலோ விளையாட்டிலேயே இந்த உதவி இருந்தது, கண்ட்ரோலரில் துப்பாக்கி விளையாட்டு நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மே 7, புதன்

கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம். முகப்புத் திண்ணையில் நுங்கு தின்றுகொண்டே பேசியது.

எய்ம் அசிஸ்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, குறி எதிரியின் மேல் வந்ததும் திரும்பும் வேகத்தைக் குறைப்பது. மண் ரோட்டில் சைக்கிள் தானாக மெதுவாவது போல. இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, குறி பார்ப்பது அவன் விரல்தான். இரண்டாவது வேறு ரகம். அவன் இடது ஸ்டிக்கை அசைத்து நகர்ந்துகொண்டிருந்தால், எதிரி போகும் பக்கமே குறியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். நான் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்து சட்டென வலப்பக்கம் வெட்டினால், அதைக் கண் பார்த்து, மூளை வாங்கி, கை அசைய ஒரு மனிதனுக்குச் சுமார் 200 மில்லிசெகண்ட் ஆகும். மென்பொருளுக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும் திரையில் 200 மில்லிசெகண்ட் என்பது 12 ஃப்ரேம். கிட்டச் சண்டையில் அந்த 12 ஃப்ரேமில் நல்ல பங்கு உயிர் போய்விடுகிறது.

என் வருத்தம் இதில் மட்டும்தான். விரலின் பலவீனத்தை ஈடுகட்டட்டும், நியாயம். மனிதனுக்கு இருக்கும் தாமதத்தையே இல்லாமல் ஆக்குவது ஈடுகட்டுவது ஆகாது. அந்த இழுப்புக்கும் ஒரு மனிதனின் தாமதத்தை வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தம்பி கொஞ்ச நேரம் நுங்கு மட்டையை விரலால் சுரண்டிக்கொண்டே இருந்தான். "அப்ப நீங்க மவுஸ் வீலை உருட்டி ஆகாசத்துலயே திரும்புறீங்களே, அது?" என்றான். டேப் ஸ்ட்ரேஃப் என்பார்கள் அதை. கண்ட்ரோலரில் அது சாதாரணமாக வராது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்தான், ஒத்துக்கொண்டேன்.

மே 10, சனி

ஆத்தங்குடியிலிருந்து பெரியப்பா வீட்டு அண்ணன் வந்திருந்தார். நாங்கள் வாதாடுவதைக் கேட்டுவிட்டு, "ஊருணியில கிரிக்கெட் ஆடுனப்ப ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் வச்சோமே, அந்த மாதிரியா?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்! தண்ணீர் வற்றிய ஊருணியில் ஆடும்போது சின்னப் பையனுக்கு வேகப்பந்து போடக் கூடாது, ஒரு தடவை குத்தி எழும்பிய பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட், ரொம்பப் பொடியன் என்றால் ஒப்புக்குச் சப்பாணி. எல்லாம் டாஸ் போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவோம், அதனால் தோற்றவன் மனக்குறையோடு வீட்டுக்குப் போனதில்லை.

இந்த விளையாட்டுகளில் அந்தப் பேச்சுதான் நடப்பதில்லை. ஏபெக்ஸில் கன்சோல்காரர்கள் (டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) சேரும் ஆட்டத்துக்கு எய்ம் அசிஸ்ட் அளவு 0.6, கம்ப்யூட்டர்காரர்கள் சேரும் ஆட்டத்துக்கு 0.4 என்று வெகுநாள் இருந்தது, 2024 ஆகஸ்டில் கம்ப்யூட்டர் பக்கம் கால்வாசி குறைத்தார்கள், அதாவது 0.3. நல்ல காரியம். ஆனால் விளையாடும்போது திரையில் இந்த எண் எங்கேயும் தெரியாது, என்னைச் சுட்டவன் கையில் என்ன இருந்தது என்பதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வெளிப்படையாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஓவர்வாட்ச் விளையாட்டுக்காரர்கள் 2021இல் கன்சோலும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஆடும் கிராஸ்பிளே கொண்டுவந்தபோது, கம்ப்யூட்டர்காரர்களோடு சேர்ந்து ஆடும் கன்சோல் ஆட்களுக்கு எய்ம் அசிஸ்ட் கிடையாது, தரவரிசைப் போட்டியில் இரு தரப்பையும் கலப்பதே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வேலரண்ட் 2024இல் கன்சோலுக்கு வந்தபோது கம்ப்யூட்டரோடு கலக்கவே இல்லை. தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "பிரிச்சு வச்சா உங்ககூட எப்படிண்ணே ஆடுறது?" சாதாரண ஆட்டத்தில் எல்லோரும் கலந்து ஆடட்டும், தரவரிசைக்கு மட்டும் கையில் இருக்கும் கருவியைப் பார்த்துப் பிரிக்கட்டும் என்பது என் கட்சி. ஹேலோ இன்ஃபினிட் 2021இல் தனியாகவோ ஜோடியாகவோ ஆடும் தரவரிசையில் அப்படித்தான் தொடங்கியது.

மே 14, புதன்

இன்று மனசு கெட்டுப்போனது. தேவகோட்டையிலிருந்து பழைய சிநேகிதன் ஒருவன் தன் கன்சோலோடு வந்தான். ஒயருக்கு நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மவுஸைச் சொருகினால் கன்சோலுக்கு அது கண்ட்ரோலராகத் தெரியும். அதாவது முழுக் கையும் அவனுக்கு, கட்டைவிரலுக்குக் கொடுத்த உதவியும் அவனுக்கே. தம்பி ரொம்ப நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிநேகிதனிடம் நேராகவே சொன்னேன், இது திருட்டு என்று. அவன் கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமலே போய்விட்டான். போகட்டும்.

ரெயின்போ சிக்ஸ் சீஜில் 2023இல் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த ஆளின் அசைவுகளுக்குத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போவது, பெட்டியைக் கழற்றினால் கொஞ்ச ஆட்டத்தில் சரியாகிவிடும். எங்கள் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். எதிரெதிர்த் திசைச் சாவிகளை அழுத்தும்போது கீபோர்டே திசையை மாற்றிக்கொடுக்கும் வசதி வந்தது, கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் அதை 2024 ஆகஸ்டில் தடுத்தார்கள். தடுத்தது சரி. எதிர்த் திசைச் சாவியைத் தட்டிச் சட்டென நின்று சுடும் பழக்கத்துக்காக நான் ஒரு வருஷம் விரலை வருத்தியிருக்கிறேன்.

அப்பத்தா வந்து, "ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்று கேட்டார்கள். சொன்னோம். "சோழிய ஒளிச்சு வச்சுத் தாயம் ஆடுறவன வீட்டுக்குள்ள விடாதீக," என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

மே 18, ஞாயிறு

நாளைக் காலை பல்லவன் ரயிலில் தம்பி கிளம்புகிறான். இன்று கடைசியாக முப்பது ரவுண்டு. முதலில் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தோம்: பதினைந்து ரவுண்டு கிட்டத்தில், எய்ம் அசிஸ்ட் இருக்கட்டும். பதினைந்து தூரத்தில், அங்கே அந்த உதவிக்குப் பெரிதாக வேலை இல்லை. டேப் ஸ்ட்ரேஃப் கிடையாது. கிட்டத்தில் அவன் எட்டு, நான் ஏழு. தூரத்தில் நான் பத்து, அவன் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று, நான் பாறைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிய அரை நொடியில் அடித்தது, அதில் மென்பொருளுக்குப் பங்கே இல்லை, எழுந்து போய் முதுகில் தட்டினேன்.

பொங்கலுக்கு வரும்போது தூரத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கு டாஸ் போடுவதாகப் பேச்சு. அதற்குள் வலது ஸ்டிக்குக்குப் புது ரப்பர் மாட்டிவிட வேண்டும் என்று பெட்டியை அடுக்கும்போது இரண்டு தடவை சொன்னான்.