அம்மாவின் சுகர் மாத்திரைகளைத் தெரிந்துகொண்ட கதை

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1 என்று வந்தது. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் கண்ணைப் பார்க்கலாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு அது அதிர்ச்சிதான். கோவில்பட்டியில் அம்மா வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 130, 140 என்றுதான் வரும். அது எப்படி என்று பிறகுதான் புரிந்தது. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் அம்மா வாயைக் கட்டிவிடுவாள். இனிப்பு கிடையாது, ராத்திரிக்கு அரைத் தோசை. அன்றைய ரத்தச் சர்க்கரை அதற்குக் கட்டுப்படும், ஹெச்பிஏ1சி கட்டுப்படாது. சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட 120 நாள் உயிரோடு இருக்கும். அவ்வளவு நாளும் அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. 9.1 என்றால் மூன்று மாதமாகச் சராசரியாக 210-க்கு மேல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

பொது மருத்துவர் ஒருவரிடம் போனோம். புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். குளுக்கோமீட்டரும் வாங்கினோம். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. குத்திப் பார்த்தால் 54. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தேன், 80-ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் இட்லி கொடுத்தேன். 70-க்குக் கீழே போனால் இப்படித்தான் செய்ய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நேராக 108-க்குத்தான் போன் போட வேண்டும்.

அன்றிரவு வீட்டிலிருந்த எல்லா அட்டைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரை ஒன்றில் கிளிமிபிரைடு 1 மி.கி. புது டாக்டர் கொடுத்த கூட்டு மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 2 மி.கி. நிறம் வேறு, பெயர் வேறு, மருந்து ஒன்றுதான். “அது கவர்மெண்டு மாத்திரை, இது டாக்டர் மாத்திரை” என்று அம்மா இரண்டையும் முழுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்திலும் சரியான மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் கொடுத்தது இன்னோர் இடத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் உடம்பில் என்ன செய்கிறது என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த அரை மணி நேரத்துக்கு அவருக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் அம்மாவுக்கு இது எவ்வளவு முக்கியம்! இத்தனை வருடத்தில் யாரும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை. இந்த மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவர் வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் வேறு வகை. அம்மா ரொம்ப நாளாக ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள்: “ராத்திரி ஒரு தோசைதானட்டி தின்னேன், காலையில எங்கிருந்து இம்புட்டு சுகர் வந்துச்சு?” கல்லீரலிலிருந்து வருகிறது. நாம் தூங்கும்போது உடம்புக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும். சர்க்கரை நோயில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, தேவைக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் அதைக் குறைக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை ரொம்ப இறங்குவது அபூர்வம். வயிற்றைப் புரட்டும், பேதியாகும் என்பதுதான் தொந்தரவு. அதற்காகத்தான் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள், குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுகிறார்கள். மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகையும் உண்டு. அந்த எஸ்ஆர் மாத்திரையை அம்மா தொண்டையில் சிக்குகிறது என்று அம்மியில் நுணுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நுணுக்கினால் மெதுவாகக் கரையும் அமைப்பே போய்விடும். இப்போது சிறிய மாத்திரையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று எங்கள் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. கெடுக்காது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். ஏற்கெனவே கிட்னி பழுதடைந்திருந்தால் இந்த மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள், ரொம்ப மோசமென்றால் நிறுத்துவார்கள். அதனால்தான் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன். அம்மாவின் பாதத்தில் இருந்த மதமதப்பு சர்க்கரையால் மட்டும் வந்தது என்று நினைத்திருந்தோம். பி12-ம் குறைவாக இருந்தது, அதற்கு ஊசி போட்டார்கள்.

கிளிமிபிரைடை அடியோடு நிறுத்திவிட்டு சிட்டாகிளிப்டின் எழுதினார். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் கணையத்துக்கு ‘சாப்பாடு வந்துவிட்டது’ என்று தகவல் சொல்லும். அந்த ஹார்மோன் சீக்கிரம் அழியாமல் இந்த மருந்து காக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது மட்டும் வேலை செய்வதால் தாழ்சர்க்கரை பயம் குறைவு. 2022-இல் காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன, விலையும் நன்றாக இறங்கிவிட்டது.

இருதயக் கோளாறுள்ள என் சித்திக்கு டாப்பாகிளிஃபுளோசின் கொடுக்கிறார்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ் என்று லேபில் எழுதிக் கொடுத்ததும் சித்தி பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். அந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை இருக்கத்தான் செய்யும், மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தி பேதி வந்தாலோ ஆபரேஷன் என்றாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், நிறுத்தி வைக்கச் சொல்வார்.

மெட்ஃபார்மினை இப்போதும் அரசிடமிருந்தே இலவசமாக வாங்கிக்கொள்கிறோம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ஓர் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். கிளிமிபிரைடை நிறுத்தியதை அவரிடம் சொல்லி நோட்டிலும் எழுத வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஹெச்பிஏ1சி 7.4. இந்த வயதில் இதற்கும் கீழே இழுக்க வேண்டாம், தாழ்சர்க்கரை வந்து விழுந்தால் அது பெரிய கேடு என்றார் டாக்டர். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிவாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மருந்துக் கடையில் “அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்” என்று வேறு அட்டை கொடுத்தால், பொடி எழுத்திலுள்ள பெயரையும் மி.கி. அளவையும் பழைய அட்டையோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் வாங்குகிறேன். அம்மாவும் இப்போது கண்ணாடி இல்லாமலேயே அதைப் படித்துவிடுகிறாள்.