சேதுபதி கொடிவழி: எழுதும்போதே எழுதிய நாட்குறிப்புகள்

செப்டம்பர் 8

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் கொடிவழியை ஒரே தாளில் எழுதித் தரும்படி பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். கண்காட்சிக்கு வேண்டுமாம். "அப்பா, மகன், பேரன்னு கோடு போட்டுக் குடுத்தாப் போதும் சார்" என்றார் தலைமையாசிரியை. அப்படிக் கோடு போட்டால் இரண்டாம் தலைமுறையைத் தாண்டுவதற்குள் சிக்கிக்கொள்ளும்.

தொடக்கம் எளிது. 1605-இல் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், சேதுச் சீமையைச் சடைக்கத் தேவரிடம் ஒப்படைத்தார். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்கு வழியில் திருடர் பயம். அதை அடக்கிப் பாதையைக் காப்பதுதான் முதல் வேலை. தலைநகர் அப்போது போகலூர். இன்று பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரும் பேருந்து அந்தப் பக்கமாகத்தான் வருகிறது; இறங்குவதற்கு ஆள் இருப்பதில்லை.

சடைக்கனுக்குப் பின் மகன் கூத்தன். அதற்குப் பின் தளவாய் சேதுபதி காலத்தில் வாரிசுச் சண்டை. திருமலை நாயக்கர் ராமப்பையனைப் படையோடு அனுப்பி, சேதுபதியைப் பிடித்துச் சிறையில் வைத்தார். ஆனால் சேதுபதி இல்லாத சேதுவில் யாத்திரை நடக்கவில்லை. கடைசியில் விடுவிக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர் மருமகன் ரகுநாதத் தேவர். முதல் கோடு இங்கேயே வளைந்துவிட்டது.

செப்டம்பர் 11

ரகுநாத சேதுபதி, அதாவது திருமலை சேதுபதி. மைசூர்ப் படை மதுரை வரை ஏறி வந்தபோது திருமலை நாயக்கர் முதுமையில் நோயோடு கிடந்தார். மூக்கறுப்புப் போர் என்று நம் பக்கத்துக் கிழவர்கள் சொல்வது இந்தப் படையெடுப்பைத்தான். நாயக்கரின் ராணி சேதுபதிக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டார். சேதுபதி மறவர் படையைத் திரட்டிக்கொண்டு போய் மைசூர்க்காரர்களைத் துரத்தினார். அதனால் கிடைத்த பட்டங்களில் ஒன்று ‘ராணி சொல் காத்தார்’. மதுரையில் நடப்பதுபோல நவராத்திரி விழாவை ராமநாதபுரத்திலும் கொண்டாடும் உரிமையும் அதோடு வந்தது. இன்றும் அரண்மனை ராஜராஜேசுவரி சன்னதியில் நவராத்திரி நடக்கிறது.

அந்தப் பட்டத்தைத் தாளில் சிவப்பு மையில் எழுதினேன். ஒரு பெண்ணின் சொல் இந்தக் குடும்பத்தின் பட்டங்களில் ஏறியிருக்கிறது, கொடிவழியில் ஏறவில்லை.

செப்டம்பர் 14

கிழவன் சேதுபதி. முப்பதாண்டுக்கு மேல் ஆண்டு 1710-இல் மறைந்தார். போகலூரை விட்டு ராமநாதபுரத்தில் கோட்டை கட்டிக் குடியேறியவர். மதுரைக்குக் கட்டுப்பட்டிருந்த நிலையை முறித்து, ராணி மங்கம்மாள் அனுப்பிய படையையும் தோற்கடித்துத் தனியரசானவர். 1693 பிப்ரவரியில் ஓரியூரில் ஏசுசபைப் பாதிரியார் அருளானந்தர் கொல்லப்பட்டதும் இவர் ஆட்சியில்தான். நல்லதை மட்டும் எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஓரியூர் மண் இன்றும் சிவப்பாக இருப்பதைக் குழந்தைகள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த ஆண்டும் தாளில் இருக்க வேண்டும்.

கிழவன் மணந்தவர்களில் காதலி நாச்சியார் ஒருவர். அவர் அண்ணன் ரகுநாதராயத் தொண்டைமானுக்குச் சேதுபதி கொடுத்த நிலம்தான் புதுக்கோட்டை அரசாக வளர்ந்தது. இந்தியா விடுதலை அடைந்த பிறகும் 1948 மார்ச்சில் இணையும்வரை தனி சமஸ்தானமாக நின்ற புதுக்கோட்டை, ராமநாதபுரத்துக் கல்யாணம் ஒன்றிலிருந்து கிளைத்தது. இதைச் சொல்லாமல் ‘புதுக்கோட்டை: கிளை அரசு’ என்று மட்டும் எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

இன்னொன்றும் உண்டு. கிழவன் இறந்தபோது 47 பெண்கள் உடன்கட்டை ஏறியதாக அன்றைய ஏசுசபைப் பாதிரியார் மார்ட்டின் எழுதி வைத்திருக்கிறார். நாற்பத்தேழு பேர். நான் வைத்திருக்கும் பட்டியல்களில் எதிலும் இவர்கள் இல்லை. கிழவனின் பெயருக்குக் கீழே அந்த எண்ணை எழுதியபின் இன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை.

செப்டம்பர் 17

காலையில் ராமலிங்க விலாசம் போய் வந்தேன். சுவரோவியங்களை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. கிழவனுக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. தஞ்சை மராத்தியரோடு போர் ஒரு பக்கம். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களை மன்னர் வரவேற்பது ஒரு பக்கம். ராஜராஜேசுவரியே மன்னர் கையில் செங்கோல் கொடுப்பது ஒரு பக்கம். அம்மனின் கையிலிருந்து மன்னரின் கைக்குக் கோல் மாறும் அந்த இடத்தில் சுண்ணம் கொஞ்சம் உரிந்திருக்கிறது. கை இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. பக்கத்தில் நின்று பார்த்தால் விரல்களைக்கூடத் தனித்தனியாகச் சொல்லலாம்.

பட்டம் ஒரு பெண்ணின் கையிலிருந்து வருவதாக இவர்களே சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 18

சிவகங்கை பிரிந்த கதையைச் சுருக்கமாக எழுதினேன். முத்து விஜயரகுநாதருக்குப் பின் குழப்பம். கிழவனுக்கு முறைப்படி மணக்காத பெண்ணிடம் பிறந்த பவானி சங்கரன், தஞ்சாவூர் உதவியோடு பட்டத்தைப் பிடித்தான். கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அதே தஞ்சாவூரை நாடிப்போய் அவனை வீழ்த்தினார்கள். சீமை ஐந்து பங்காகி, மூன்று கட்டயத் தேவரின் ராமநாதபுரத்துக்கு, இரண்டு சசிவர்ணரின் சிவகங்கைக்கு. 1730 வாக்கில் முடிந்த பாகப்பிரிவினை. உதவிக்கு வந்த தஞ்சாவூர் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ளதை எடுத்துக்கொண்டது.

சசிவர்ணருக்கு இதில் உரிமை எங்கிருந்து வந்தது? முத்து விஜயரகுநாதரின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்தவர் அவர். சிவகங்கைக்கு மேலே அகிலாண்டேசுவரியின் பெயரைப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 21

இந்தத் தாளில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான், எழுதக் கடினமானதும் இதுதான்.

1762-இல் செல்லமுத்து சேதுபதி மறைந்தபோது அவருக்கு மகள் இருந்தார். வேலு நாச்சியார். ஆனால் பட்டம் அவருக்குப் போகவில்லை. அவர் 1746-லேயே முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டுச் சிவகங்கைக்குப் போய்விட்டார். செல்லமுத்துவின் தங்கை முத்துத்திருவாயி நாச்சியாருக்குச் சில மாதக் குழந்தை இருந்தது. அந்தக் குழந்தை முத்துராமலிங்கத்தைத்தான் சேதுபதியாக்கினார்கள். ஆட்சியைத் தாய் நடத்தினார். பத்தாண்டு நடத்தினார். எந்தப் பட்டியலிலும் அந்தப் பத்தாண்டு ‘முத்துராமலிங்க சேதுபதி, 1762–1772’ என்றே இருக்கும். தொட்டிலில் கிடந்தவரின் பெயரில்.

1772-இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. தாயையும் பிள்ளையையும் திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அதே படை சிவகங்கைக்குத் திரும்பியது. ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடும் மருது சகோதரர்களோடும் திண்டுக்கல் அருகே விருப்பாச்சிப் பக்கம் போய், ஹைதர் அலியிடம் உதவி பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். அத்தை சிறையில், அண்ணன் மகள் காட்டில். இரண்டு கோட்டையையும் அந்த ஆண்டுகளில் கைவிடாமல் மனத்தில் வைத்திருந்தவர்கள் இந்த இரண்டு பெண்கள்.

வேலு நாச்சியாரை எல்லோருக்கும் தெரியும், தபால்தலை வந்துவிட்டது. முத்துத்திருவாயியை ராமநாதபுரத்திலேயே கேட்டுப்பாருங்கள், பத்தில் ஒருவர் சொன்னால் அதிசயம். எனக்கு இது பெரிய மனக்குறை.

செப்டம்பர் 22

ராமேசுவரம் மூன்றாம் பிரகாரம் பற்றி ஒரு வரி போதும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. 1212 தூண்கள். 1740 வாக்கில் தொடங்கி 1770 வாக்கில் முடிந்த வேலை. மேற்கு வாசல் பக்கம் முத்துராமலிங்க சேதுபதி சிலையும், பிரதானி (முதலமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை சிலையும் நிற்கின்றன. கணக்குப் போட்டால், வேலை முடிகிற காலத்தில் சிலையாக நிற்கும் மன்னருக்கு எட்டு வயது. உத்தரவு யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்று அங்கே நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பர் 25

நவராத்திரி தொடங்கிவிட்டது. மாலையில் அரண்மனைக்குள் கூட்டம். பூக்கடைக்கார அக்கா, "என்ன சார், இன்னுமா அந்தத் தாளு முடியல?" என்றார். முடியவில்லை.

செப்பேடுகளில் சேதுபதிகளின் விருதுகள் நீளமாக வரும். ‘அரியராய தளவிபாடன், பாஷைக்குத் தப்புவராய கண்டன், கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்’ என்று மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டும். கொண்ட நாட்டைக் கொடுக்காதவர்கள் 1795-இல் கொடுக்க நேர்ந்தது. 1781-இல் திருச்சிச் சிறையிலிருந்து விடுபட்டுத் திரும்பிய முத்துராமலிங்கரைக் கும்பினி பதவியிறக்கியது. மீண்டும் சிறை. 1809-இல் சென்னையில், சிறையாளராகவே இறந்தார். வாழ்நாளில் ஏறக்குறைய பாதி சிறை.

1803-இல் சேதுச்சீமை ஜமீனானது. சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், அவர் தமக்கை மங்களேசுவரி நாச்சியார் பெயரில். ஆக அரசு போய் ஜமீன் வந்த இடத்தில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. தம்பி சென்னையில் அடைபட்டிருக்கும்போது அக்கா அந்தக் காகிதத்தை வாங்கியிருக்கிறார். குற்றம் சொல்வோர் உண்டு. வாங்காமல் விட்டிருந்தால் குடும்பத்தின் கையில் ஒரு குண்டு நிலமும் மிஞ்சியிருக்காது. நான் அவர் பக்கம்.

செப்டம்பர் 29

இன்று முழுக்கப் பர்வதவர்த்தனி நாச்சியார்.

கணவர் ராமசாமி சேதுபதி 1830-இல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். பெண் குழந்தைகளும் தங்கவில்லை. 1847-இல் பர்வதவர்த்தனி ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் உயிரோடு இருந்தபோது அதற்கு அனுமதி கொடுத்திருந்தாரா என்பது கேள்வி. அனுமதி இல்லையென்றால் சுவீகாரம் செல்லாது, வாரிசில்லாத ஜமீன் சர்க்காருக்குச் சேரும் என்றது அரசுத் தரப்பு. ராணி தரப்பின் பதில்: கணவரின் சொல் இல்லாவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம், இது எங்கள் சீமை வழக்கம்.

வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போனது. 1868-இல் தீர்ப்பு. மதுரை கலெக்டர் தோற்றார். தென்னாட்டில் பங்காளிகள் ஒப்புதலோடு விதவை எடுத்த சுவீகாரம் செல்லும் என்றார்கள். இந்துச் சட்டத்தில், தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் எழுதிய சாத்திரத்தை மிஞ்சும் என்றும் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி உண்டு. இன்றும் சட்டக் கல்லூரியில் அந்த வரியைப் படிக்கிறார்கள். வழக்கறிஞர்களிடம் ‘ராம்நாட் கேஸ்’ என்றால் போதும்.

தீர்ப்பு வந்தபோது பர்வதவர்த்தனி உயிரோடு இல்லை. அவர் சுவீகாரம் எடுத்த முத்துராமலிங்க சேதுபதியின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. அந்தச் சுவீகாரம் உடைந்திருந்தால் பாஸ்கர சேதுபதிக்குச் சேதுபதி என்ற பெயரே இல்லை.

அக்டோபர் 1

பாஸ்கர சேதுபதிக்கு இடம் ஒதுக்குவதில் சிக்கல் இல்லை. எதைச் சேர்ப்பது என்பதில்தான். 1897 ஜனவரி 26, சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் இறங்கினார். மன்னர் வரவேற்று, வண்டியைத் தானும் சேர்ந்து இழுத்தார். எல்லாப் பள்ளி நாடகத்திலும் இந்தக் காட்சி வரும். அதே 1897-இல் கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துக் கோவிலின் தர்மகர்த்தா என்ற முறையில் வழக்குப் போட்டவரும் இவரே. 1908-இல் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் எழுதினேன். நீக்கச் சொன்னால் இரண்டையும் நீக்குகிறேன், ஒன்றை மட்டும் நீக்கமாட்டேன்.

வாரி வாரிக் கொடுத்துக் கடனாளியாகி 1903-இல், 35 வயதில் போய்விட்டார். அவர் பெரியப்பா பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். தமிழுக்கு இந்தக் குடும்பம் செய்ததில் அதுவே பெரியது என்பேன்.

அக்டோபர் 4

மிச்சம் விரைவாக முடிந்தது. ராஜராஜேசுவர சேதுபதி, பிறகு சண்முக ராஜேசுவர சேதுபதி. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அடுத்த ஆண்டு சீமை அரசு வசம். 1952 தேர்தலில் சண்முக ராஜேசுவரர் ராமநாதபுரத்தில் நின்று வென்று ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சரானார். நிலம் போன மறுகணமே ஓட்டு கேட்டு வீதியில் இறங்கியது சின்ன விஷயமில்லை.

தாளைக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை விரித்துப் பார்த்து, சிவப்பு மையில் இருக்கும் பெண்களின் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். "இவ்வளவு பேரா சார்?" என்றார். சிவகங்கைக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்கிறார். அங்கே இன்னும் கூடும். 1829-இல் சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் இறந்தபோது ஜமீனை அண்ணன் மகன் எடுத்துக்கொண்டார். அது தந்தை தாமே ஈட்டிய சொத்து, மகளுக்கே சேரும் என்று வழக்காடி, 1863-இல் பிரிவி கவுன்சிலில் வென்றவர் கட்டம நாச்சியார். சிவகங்கைத் தாளை அவரிடமிருந்து தொடங்கி மேல்நோக்கி எழுதப்போகிறேன்.