மனோன்மணி பிளஸ் டூ படிக்கிறாள்

பெ. சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தை இன்றைய பதின்வயதுப் பிள்ளைகளுக்கான படமாக மாற்றும் குழுவில் நான் வசனம் எழுதுகிறேன். கோவையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். மூலம் ஐந்து அங்கம், பெரும்பகுதி ஆசிரியப்பா. மேடைக்கு என்பதைவிடப் படிப்பதற்கு என்றே அமைந்த நாடகம். ஆனாலும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942-லேயே அதை 'மனோன்மணி' என்று படமாக எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கும் இது முற்றிலும் அந்நியமானதல்ல. காலை வணக்கத்தில் அவர்கள் பாடும் 'நீராருங் கடலுடுத்த' இந்த நாடகத்தின் பாயிரத்தில் வருவதுதான். பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் இதைச் சொன்னபோது, "அதற்குப் பின்னால் கதை வேறு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே எனக்குப் போதுமான சம்பளம்.

பட்டுக்குப் பதில் ஜீன்ஸ், ஓலைக்குப் பதில் வாட்ஸ்அப் என்று மாற்றினால் பழைய கதை புதிதாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சரித்திரக் கதைகளை நகர்த்துவது தடை. மதிலும் காவலும் குலப்பெருமையும் இருப்பதால்தான் ஒரு பார்வைக்கும் ஒரு சொல்லுக்கும் அங்கே அத்தனை கனம். கையில் செல்போன் வைத்திருக்கும் பெண்ணுக்குச் சுரங்கவழி எதற்கு?

அந்த மதிலை நாமக்கல் பக்கத்தில் கண்டுபிடித்தோம். விடுதியோடு கூடிய பள்ளி, செல்போனுக்குத் தடை, பெற்றோர் வர ஒரு நாள், படிக்க ஒரு மணி, தூங்க ஒரு மணி. அரண்மனை வேறு எங்கே இருக்க முடியும்? நாடகத்தில் அரசனின் குலகுரு சுந்தர முனிவர் தோண்டிய சுரங்கம், எங்கள் கதையில் விடுதிச் சமையல்கார அக்காவின் செல்போன் ஆயிற்று. மூலத்தில் பாண்டிய இளவரசி மனோன்மணியும் சேர அரசன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில் மட்டுமே கண்டு காதலிக்கிறார்கள். இவர்களுக்கோ, தவறி வந்த ஓர் அழைப்பில் கேட்ட குரல் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது.

நாடகத்தில் பாண்டியன் ஜீவகனுக்குத் திருநெல்வேலியில் கோட்டை. சேரனோடு நாஞ்சில் நாட்டை வைத்துப் பகை. எங்கள் ஜீவகனுக்குப் பொள்ளாச்சியில் தென்னை நார் ஆலை. வாளையார் தாண்டி, பாலக்காட்டு வியாபாரியோடு பகை. பாண்டியனின் அமைச்சன் குடிலனின் குணத்தில் மட்டும் நான் ஒன்றுமே மாற்றவில்லை. முதலாளியைப் புகழ்ந்தே பள்ளத்தில் தள்ளும் கணக்குப்பிள்ளையை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. போரில் தோற்று நொந்துகிடக்கும் ஜீவகன், மகளைக் குடிலனின் மகன் பலதேவனுக்குக் கொடுக்க நினைக்கிறான். மனம் வேறிடத்தில் இருந்தும், தந்தைக்காக மனோன்மணி இசைகிறாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குத் திருமணம் சட்டப்படி கூடாது. ஆனால் 'இப்போதைக்குப் பேசி வைத்துவிடுவோம், பிளஸ் டூ முடியட்டும்' என்பது எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு. அதையே எடுத்துக்கொண்டோம். இக்காலப் பெண் எதிர்த்துப் பேச வேண்டும், தியேட்டரில் கைதட்டல் விழும் என்றார் இயக்குநர். நான் இரண்டு விதமாகவும் எழுதி, அதே பொள்ளாச்சிப் பள்ளி மாணவிகளிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

எதிர்த்துப் பேசும் காட்சியைச் சுவாரசியமாகத்தான் வாசித்தார்கள். அடுத்ததில் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஆலை ஓடவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்திருக்கிறது. மகள் தட்டை எடுத்துக்கொண்டே "சரிங்கப்பா" என்கிறாள். வாசித்த பெண் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தாளைத் திருப்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி சொன்னாள்: "அக்கா, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம் எப்படிங்க மாட்டேன் என்று சொல்வது? அவள் சரி என்றுதான் சொல்வாள். ஆனால் அவள் மனதில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்."

இதைவிடத் தெளிவான திரைக்கதைக் குறிப்பு எனக்கு இதுவரை யாரிடமும் கிடைத்ததில்லை. இளையவர்களுக்கான படம் என்றாலே கதாநாயகி ஒவ்வொரு காட்சியிலும் துணிச்சலாகப் பேச வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர்களோ, துணிச்சல் வராத இடத்தைப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் வாழும் இடம் அது. இயக்குநரும் அதைக் கேட்டபின் இசைந்துவிட்டார். இப்போது அந்தச் "சரிங்கப்பா"வுக்குப் பின் அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தட்டைக் கழுவாமல் நிற்கிறாள். வசனம் கிடையாது.

இன்னும் முடியாத வாதம் ஒன்று இருக்கிறது. மனோன்மணியின் தோழி வாணி. அவள் தந்தை சகடன் அவளை அதே பலதேவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்க, நடராசனை மனதில் கொண்ட அவள் மறுத்து நிற்கிறாள். நீளம் கருதி வாணியை வெட்டிவிடலாம் என்கிறார்கள். வெட்டினால், மனோன்மணி இசைவது நாங்களே பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதியாகிவிடும். ஒருத்தி தலையசைக்கிறாள், பக்கத்து அறையில் அவள் தோழி முடியாது என்கிறாள். சுந்தரம் பிள்ளை இருவரையும் ஒரே நாடகத்தில் வைத்தது காரணமில்லாமல் அல்ல. வாணியின் காட்சிகளைச் சுருக்கி, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரியாக்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றுக்கு இடம் வேண்டுமானால் பாலக்காட்டுச் சண்டைக் காட்சியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் குறிப்பு வைத்திருக்கிறேன்.