பாவாத மலைக்கு (இலங்கையின் சிவனொளிபாத மலை) நேர்த்தி வைத்தவர்களுக்கு

டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு சீசன் முடியும். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு இல்லை. மழை, காற்று, அட்டைக்கடி. ஹட்டனில் இறங்கியதும் "பஸ் போய்விட்டது" என்று பையைப் பிடித்து இழுக்கும் ஓட்டோக்காரர்களை நம்பாதீர்கள். சீசனில் மலையடிவாரமான நல்லதண்ணிக்கே நேராக பஸ் ஓடுகிறது.

வழியில் மவுசாகலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள் கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் தெரியும். மூழ்கப்போவது சாமிக்குத் தெரியாதா என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். தெரியும். இறைவனின் எண்குணங்களில் முற்றும் உணர்தலும் ஒன்று. அதைவிடக் கடினமான கேள்வி, எல்லாம் அறிந்து, என்றும் மாறாமல் இருப்பவனிடம் நேர்த்தி எதற்கு என்பது.

விடியுமுன் உச்சியில் நிற்க, இரவு இரண்டு மணிக்காவது ஏறத் தொடங்க வேண்டும். ஐயாயிரத்துக்கு மேல் படிகள். பாதிவரை எளிதுபோல் ஏமாற்றும், மேலே செங்குத்து, கைப்பிடியைப் பிடித்தே ஏற வேண்டும். போயா, சனி, ஞாயிறு வேண்டாம். கடைசிப் படிகளில் கூட்டம் மணிக்கணக்கில் நகராது, வியர்வை உடம்பிலேயே குளிர்ந்து நடுக்கும். மாற்றுச் சட்டையும் கம்பளியும் பையின் மேலேயே இருக்கட்டும். பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது, அடிவாரத்தில் சோதிப்பார்கள். தீப்பெட்டி பனியில் நமுத்துவிடும். கற்பூரத்தோடு சேர்த்து டப்பாவில் வையுங்கள்.

2,243 மீட்டர் உயரத்தில், துணி சாத்திய பாதச் சுவட்டின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். பின்னால் தள்ளுவார்கள். நம்மவர்களின் "அரோகரா"வும் பௌத்தர்களின் "சாது சாது"வும் ஒன்றாகக் கேட்கும். கேட்க வந்தது பாதி மறந்து போகும், அப்பனே, கொண்டுவந்து சேர்த்தாயே என்பது மட்டும்தான் வாயில் வரும். அதுவே போதும்.

பிறகு கிழக்கே சூரியன். மேற்கே பனியின்மேல் மலையின் முக்கோண நிழல். சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை இங்கே கண்முன் நிற்கிறது. ஒரே சூரியன் முன் ஒரு தாமரை விரிகிறது, ஒன்று மொட்டாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது. சூரியன் எதற்காகவும் மாறவில்லை. உயிரின் மலம் பக்குவப்படும் மலபரிபாகம் வரும்போது, அவன் அருள் பதியும் சத்திநிபாதம். பக்குவம் உயிருக்குத்தான் வர வேண்டும், நேர்த்தியும் விரதமும் உயிரின் பக்கத்து வேலை. இறைவனுக்குப் புதிதாக அறிவிக்க நம்மிடம் ஒன்றுமில்லை.

எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை முறை உச்சியிலுள்ள மணியை அடியுங்கள். சிலர் படம் எடுப்பதற்காக அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், எரிச்சல். இறங்கும்போது ஓடாதீர்கள், முழங்கால் பிடிப்பது இறக்கத்தில்தான். செங்குத்தில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.