குழாயிலிருந்து ஏழாவது வீடு

காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் வரும் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. எதிர்த்திசையில் அதே நேரத்தில் போகிற வண்டியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். நான் ஏறிய பெட்டியில் ஒரு பாட்டி, இரண்டு கறிவேப்பிலை மூட்டை, அப்புறம் நான். பங்காருப்பேட்டையில் எதிர்வண்டி நின்றிருந்தது. ஜன்னல் முழுக்க முகம். கைக்குட்டை போட்டு இடம் பிடித்தவர்கள், நின்றபடியே சீட்டு ஆடுகிறவர்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள். முக்கால்வாசிப் பேர் கோலார் தங்கவயல் பிள்ளைகள். அப்பனும் தாத்தனும் பூமிக்குக் கீழே போன ஷிப்டுக்கு, இவர்கள் ரயிலில் போகிறார்கள்.

பங்காருப்பேட்டையில் கிளைப்பாதை பிரிகிறது. தங்கத்துக்காக 1894-ல் போட்ட பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம். சின்ன வயதில் இந்த நிலையங்களின் பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். கோரமண்டல் தாண்டினதும் அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்வாள். பிறந்த வீட்டு வாசம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தங்கவயலை கே.ஜி.எஃப். என்று சொன்னாலே இப்போதெல்லாம் எதிரே இருப்பவர் கண்ணில் துப்பாக்கியும் தாடியும் தெரிகிறது. எல்லாம் சினிமா செய்த வேலை. எங்கள் தாத்தாவுக்குத் தாடி கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால்கூட சவரம் பண்ணாமல் படுக்கமாட்டார். சுரங்கத்தில் அவருக்கு டிம்பர்மேன் வேலை. மேலே உள்ள பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுப்பது. கையில் வழிந்த மரப்பிசினும் சோப்பும் சேர்ந்த ஒரு வாசனை, அதுதான் தாத்தா.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-ல் இங்கே வந்து தோண்ட ஆரம்பித்தது. ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆர்க்காடு, சித்தூர் பக்கமிருந்து. வந்தவர்களில் பாதிக்கு மேல் சேரி ஜனம். ஊரில் பண்ணையாளாகக் கிடப்பதைவிட, செத்தாலும் சம்பளத்தோடு சாவோம் என்று வந்தவர்கள். தமிழ் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசரின் ‘தமிழன்’ பத்திரிகை, அவர் காலத்துக்குப் பிறகு 1926-ல் இங்கிருந்துதான் மறுபடி வெளிவந்தது. நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். தங்கவயலில் தமிழ் பௌத்தர்கள் ஏன் இத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு அங்கேதான் விடை இருக்கிறது.

எங்கள் ஆயா, அம்மாவின் அம்மா, வாணியம்பாடி பக்கத்துக்காரி. லைனுக்குக் குழாயில் வந்தது பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர். அது பாலாற்றுத் தண்ணீர். “பொறந்த ஊர்லயும் பாலாறு, வந்த ஊர்லயும் பாலாறு. இன்னா, அங்க ஆத்துல மொண்டேன், இங்க வரிசையில நிக்கிறேன்” என்பாள்.

லைன் என்றால் தெருதான். ஒரே நீளக் கொட்டகையை அறை அறையாகத் தடுத்த வீடுகள். முதலில் மூங்கில் தட்டி. அப்புறம் சுவர் வந்தது, தகரம் வந்தது, ஓடு வந்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. அந்த வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல். எங்கள் வீட்டில் சண்டை என்றால் அந்த வீட்டிலிருந்து தீர்ப்பு. ஒருநாள் ராத்திரி ஆயா ஏதோ கணக்கில் தடுமாற, சுவருக்கு மேலிருந்து ஒரு ஆண்குரல், “நாப்பத்தி ரெண்டும்மா” என்றது. ஆயா அசரவில்லை. “செரி, தூங்குப்பா” என்றாள்.

வீட்டுக்கு எண் இருந்தது, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குழாய்தான் அடையாளம். எங்களுடையது குழாயிலிருந்து ஏழாவது.

எண்பதுகளின் கடைசியில் கோடை லீவு முழுக்க அங்கேதான். எங்கள் கிரிக்கெட் மைதானம் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். காரணம் ஷிப்ட். இந்த வாரம் யார் யார் வீட்டில் நைட் ஷிப்ட் பார்த்த ஆள் பகலில் தூங்குகிறார் என்பது எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கதவுகளுக்கு முன்னால் பந்து தட்டக்கூடாது, கோலி ஆடக்கூடாது, ஏன், செருப்பைத் தேய்த்து நடக்கக்கூடாது. திங்கட்கிழமை ஷிப்ட் மாறும். உடனே பிட்ச்சும் மாறும். போன வாரம் எங்களைத் துரத்தியவர் இந்த வாரம் வாசலில் உட்கார்ந்து அம்பயர். யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஷிப்ட் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் எந்த வீட்டுக் கதவு திறக்கும், எந்த அடுப்பில் களி ஏறும் என்று ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொல்லாமல் லைனைப் பற்றிச் சொல்ல முடியாது. அத்தனை ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கீழே பாறை வெடித்தால் மேலே லைன் குலுங்கும்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். விளக்கு வைக்கும் நேரம். ஆயா களி கிண்டிக்கொண்டிருந்தாள். முதலில் பரணில் இருந்த பித்தளைக் குடங்கள் ஒன்றையொன்று தொட்டு ‘கிண்’ணென்றன. அப்புறம்தான் தரை ஆடியது. ஆயா துடுப்பை அப்படியே களியில் குத்திவிட்டு வெளியே போனாள். லைன் மொத்தமும் வாசலில் நின்றது. எல்லார் கண்ணும் சுரங்கக் கிணறான ஷாஃப்ட் மேலே இருக்கிற சக்கரத்தைப் பார்த்து. சக்கரம் சுற்றினால், ஆட்களை மேலே தூக்கிவரும் கேஜ் வருகிறது. அழுகை இல்லை, சத்தம் இல்லை. அன்று செகண்ட் ஷிப்டில் எங்கள் லைனிலிருந்து நாலு ஆள். கொஞ்ச நேரத்தில் அந்த நாலு வீட்டு வாசலிலும் பெண்கள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஆயாவோடு நாலு நாளாகப் பேச்சில்லாதவள். வந்தாள், அடுப்படிக்குப் போய் மீதிக் களியைக் கிண்டி இறக்கினாள், உட்கார்ந்தாள். அப்போதும் ஆயாவோடு பேசவில்லை.

பத்தரை மணிக்கு மேல் நாலு பேரும் வந்தார்கள். தாத்தா கால் கழுவிக்கொண்டே, “ஒண்ணுமில்ல, கல்லு மூச்சு வுட்டுச்சு” என்றார். எல்லா முறையும் நாலுக்கு நாலு திரும்பியதில்லை என்பதை வளர்ந்த பிறகு அம்மா சொன்னாள்.

அதே சுரங்கத்தில்தான் 1965-ல் டாட்டா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகி வருகிற அந்தத் துகளைப் பாறைக்கடியில் முதன்முதலாகக் கண்டவர்களில் இவர்களும் உண்டு. எனக்கு இது கல்லூரிப் பாடத்தில்தான் தெரிந்தது. தாத்தாவிடம் ஓடிவந்து சொன்னேன். “ஆமா, டாட்டா ஆளுங்க. வானத்துல இருந்து வர்றத புடிக்க எங்கள மாதிரியே கீழ எறங்குவாங்க. பாவம், நல்ல பசங்க” என்று முடித்துக்கொண்டார்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பம்பு நின்றது, கீழே தண்ணீர் ஏறியது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். ஆயா எங்களோடு வந்துவிட்டாள். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது போனதற்கும் பெரிய காரணமில்லை. பெங்களூரில் ஒரு வேலை, ஒருநாள் மிச்சமாகியது.

மாரிகுப்பத்தில் இறங்கியதும் முதலில் தெரிவது சைனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருஷத்துக்கு மேல் கொட்டிக் கொட்டி எழும்பிய மலை. புல் முளைக்காது. காற்றடித்தால் மாவு மாதிரி பறக்கும். ஆயா குடத்துக்கு மேல் துணி கட்டித்தான் வைப்பாள், வடகம் காயப்போட்டால் நாங்கள் காவல். இப்போது அங்கே ஒரு ஜோடி கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மணப்பெண் தூசிக்குக் கண்ணைச் சுருக்க, போட்டோக்காரர் “சிரிங்க, சிரிங்க” என்றார்.

எங்கள் லைனைக் காணோம். மேல் லைன்கள் இரண்டில் ஆள் இருக்கிறார்கள், டிஷ் ஆன்டெனா இருக்கிறது. எங்களுடையது இருந்த இடத்தில் உன்னிச்செடி. தகரத்தையும் ஓடுகளையும் எடுத்துவிட்டால் மண்சுவர் எத்தனை மழை தாங்கும்? அரைமணி நேரம் முட்டி மோதிய பிறகு குழாய்மேடை கிடைத்தது. குழாய் இல்லை. குடம் வைத்துத் தேய்ந்த பள்ளம் மட்டும் சிமெண்டில் வட்டமாக இருந்தது. அங்கிருந்து வாசல்கல்களை எண்ணினேன். நாலாவது இல்லை. இடம் விட்டு எண்ணினேன். ஏழாவதில் கல் இருந்தது. மேலே ஒரு ஆடு படுத்திருந்தது. எழுப்பவில்லை. நைட் ஷிப்ட் பார்த்த ஆடாக இருக்கலாம்.

“யாருப்பா அது, செடிக்குள்ள?”

மேல் லைனிலிருந்து ஒரு பாட்டி. கையில் முறம். குழாயிலிருந்து ஏழாவது வீடு என்றேன்.

“டிம்பர்மேன் ஊடா? நீ பேரனா?” கிட்டே வந்து முகத்தைப் பார்த்தாள். “உங்க ஆயா இருக்குதா?”

“இல்ல ஆயா. எட்டு வருஷமாச்சு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “எனக்கு ஒரு படி ராகி தரணும் உங்க ஆயா. ஊட்ட காலி பண்ணச்சொல்ல, மறந்துட்டு பூட்சி” என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கடைவீதிக்கு நடந்து போய் இரண்டு கிலோ ராகி வாங்கிவந்தேன். பாட்டி உள்ளே போய் ஒரு பழைய இரும்புப் படியை எடுத்துவந்தாள். திண்ணையில் உட்கார்ந்து, தலை தட்டி, ஒரு படி அளந்து முறத்தில் கொட்டிக்கொண்டாள். மிச்சத்தைப் பையோடு என் பக்கம் தள்ளினாள்.

“ஒரு படிதான் பாக்கி. இத எடுத்துனு போ.”