செவ்வாய் மாலை இத்தாலியம்: பெட்ஃபோர்ட் நாட்குறிப்பு

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல் நாளில் தொடங்கியது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் ஊரில் எங்கள் சங்கம் நடத்தும் இந்த வருடத்து இத்தாலியச் சொற்பொழிவு வரிசை. ஒன்றுவிட்ட வாரம், மொத்தம் ஆறு செவ்வாய்கள். பேச்சு 45 நிமிடம், வாய்ப்பயிற்சி 30 நிமிடம், மிச்ச நேரம் காபிக்கு. ஒரு மணி நேரம் ஒருவரே பேசினால் கடைசிக் கால் மணியில் கூடம் கொட்டாவி விடும். பயிற்சியைப் பேச்சின் நடுவில் செருகுவதும் சரிப்படவில்லை. பேச்சாளர் விட்ட இடத்தை மறந்துவிடுகிறார்.

இன்று இரட்டை மெய். 'பாலா' என்றால் மண்வாரி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. 'காஸா' வீடு, 'கஸ்ஸா' கடையில் காசு கட்டும் இடம். 'அன்னோ' ஆண்டு, அதில் ஒரு 'ன்' விழுந்தால் 'ஆனோ', அதாவது ஆசனவாய். வயது சொல்லும் பாடத்தில் வருடாவருடம் கூடம் சிரிப்பது இந்த ஒரு 'ன்'னுக்காகத்தான்.

மெய்யை மட்டும் கவனிக்கச் சொன்னால் பலிக்காது. அழுத்தம் விழும் உயிருக்குப் பின் ஒற்றை மெய் வந்தால் அந்த உயிர் நீளும், இரட்டை வந்தால் குறுகும். மேலே தமிழில் எழுதிக் காட்டியதிலேயே அது தெரிகிறது: பாலா, பல்லா. ஆங்கிலக்காரர்களுக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வராது. கைதட்டல் உதவுகிறது: 'பல்' என்றதும் உள்ளங்கைகளைச் சேர்த்து ஒரு கணம் அப்படியே வைத்திருந்து, 'லா' என்னும்போது பிரிக்க வேண்டும். பத்துச் சொல்லுக்குள் பாதிப் பேருக்குப் பிடிபட்டுவிடும்.

தமிழர்களுக்கு இரட்டிப்பு பிறவியிலேயே இருக்கிறது, பலியும் பல்லியும் நமக்கு வேறுவேறு. நாம் வழுக்குவது ஒற்றையில். விரலுக்கு இத்தாலியச் சொல் 'தீதோ'. முதல் எழுத்தை 'தம்பி'யின் தகரமாகவும் இரண்டாவதை 'அது'வின் துகரம் போலவும் சொல்லிவிடுவோம். அங்கே நடப்பது நேர் எதிர்: முதல் ஒலி மெலிந்தது, இரண்டாவது வலிந்தது. உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினத்தை நம் வாய் தானாகவே மெலிக்கும். அதை வலிந்து சொல்ல நமக்குத் தெரிந்த ஒரே வழி இரட்டிப்பது. எனவே 'சேதெ' என்ற தாகம் 'செத்தெ' என்ற ஏழு ஆகிவிடுகிறது. 'தலை'யின் தகரத்தைச் சொல்லின் நடுவில் கொண்டுவந்து வைப்பதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும்.

கடைசிப் பத்து நிமிடம் வலி மிகும் இடம், மிகா இடம். விளையாட்டில்லை, இத்தாலியத்திலும் அது உண்டு. 'அ காஸா', வீட்டுக்கு, என்று பிரித்து எழுதுவார்கள்; ரோமிலும் டஸ்கனியிலும் தெற்கிலும் வாசிப்பது 'அக்காஸா'. 'தி காஸா' என்றால் மிகாது. 'அ', 'எ', 'த', 'த்ரே', 'பியூ' முதலியவற்றின் பின் மிகும். மிலானில் வளர்ந்தவர் எங்குமே மிகவைக்க மாட்டார், அதைப் பிழை என்று யாரும் சொல்வதுமில்லை. ஒரே சொல்லாக ஒட்டிப்போனவற்றில் மட்டும் எழுத்திலும் நின்றுவிட்டது: 'த'வும் 'வேரோ'வும் சேர்ந்து 'தவ்வேரோ', உண்மையாகவா என்று பொருள். நன்னூல் படித்தவர்களுக்கு இந்தப் பாடம் ஐந்து நிமிட வேலை.

28 ஜனவரி, செவ்வாய்

காபி. பேச்சு சுருக்கமாக முடிந்தது, செய்முறைதான் நேரம் பிடித்தது.

மோக்கா பாத்திரம் 1933-இல் அல்ஃபோன்ஸோ பியலெத்தி கொண்டுவந்தது. தமிழில் எழுதும்போது இரண்டு ககரம் போடுகிறோம், அவர்களுக்கு ஒன்றுதான். போன பாடத்தின் அதே தகராறு. மூன்று கோப்பைப் பாத்திரத்துக்குத் தூள் ஏறக்குறைய 15 கிராம். அடிப்பாகத்தில் தண்ணீர் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். வால்வு மூழ்கினால் அழுத்தம் கூடும்போது வெளிவிட வழி சரியாக இருக்காது. தூளைக் கரண்டியால் அமுக்கக் கூடாது, தட்டிச் சமப்படுத்தினால் போதும். சிறு தீ, மூடி திறந்தபடி. மேலே தேன் நிறத்தில் வரத் தொடங்கி, வெளிறிக் குமிழியிட ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். கடைசிவரை விட்டால் நீராவி மட்டும் தூள் வழியே போய்க் கருகல் கசப்பு வரும். இன்று முதல் பாத்திரம் அப்படித்தான் போனது. இரண்டாவதில் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்திருந்ததால் இடுப்பில் கசிந்தது. வளையம் மாற்றியதும் நின்றது.

கூடத்து அடுப்பு இண்டக்‌ஷன். அலுமினியப் பாத்திரம் அதில் சூடே ஏறாது. காந்தம் ஒட்டும் எஃகுத் தட்டு ஒன்றை அடியில் வைக்கலாம், ஆனால் ஆமை வேகம். அடுத்த முறை கையடக்கக் கேஸ் அடுப்பு.

இங்குள்ள இத்தாலிய முதியவர்கள் பலருக்கு மோக்காவைவிட நெருக்கமானது நேப்பிள்ஸின் 'குக்குமெல்லா'. கீழே தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். வெந்நீர் தூள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். நம் ஃபில்டரேதான், கவிழ்க்கும் வேலை மட்டும் கூடுதல். இறங்கும் நேரத்தில் மணம் போகாமலிருக்க மூக்கில் ஒரு காகிதக் கூம்பைச் செருகுவது அங்கத்தி வழக்கம். மோக்கா தண்ணீரை மேலே தள்ளுவதால் அதே தூள் போட்டாலும் சுவை முரட்டுத்தனமாக இருக்கும்.

பயணம் போகிறவர்களுக்கு: 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் பால்தான் வரும். 'கஃப்ஃபே' என்றாலே எஸ்பிரெஸோ. பல கடைகளில் முதலில் 'கஸ்ஸா'வில் காசு கட்டி, சீட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போக வேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் வேறு விலை.

11 பிப்ரவரி, செவ்வாய்

கூட்டம் அதிகம், நாற்காலி போதவில்லை. தலைப்பு இந்த ஊரைப் பற்றியது.

பெட்ஃபோர்டைச் சுற்றியிருந்த செங்கல் சூளைகளுக்கு ஆள் போதாமல் 1951 முதல் தென் இத்தாலியிலிருந்து ஆள் எடுத்தார்கள். நேப்பிள்ஸில் தேர்வு, மருத்துவச் சோதனை, நான்கு ஆண்டு ஒப்பந்தம். வந்தவர்கள் ஊர் ஊராக வந்தார்கள்: மோலிசேயின் புஸ்ஸோ, கம்பானியாவின் மொந்தெஃபல்சியோனே, சிசிலியின் சாந்தாஞ்ஜெலோ முக்ஸாரோ. ஸ்டூவர்ட்பி சூளை 2008-இல் மூடப்பட்டது, ஊர்ப்பேச்சு இன்னும் வீடுகளில் இருக்கிறது.

அந்தப் பேச்சு கெட்டுப்போன இத்தாலியம் இல்லை. நேப்பிள்ஸ் பேச்சும் சிசிலிப் பேச்சும் லத்தீனிலிருந்து தனித்தனியாகப் பிறந்தவை. ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பேச்சு எழுத்து மொழியாகி, பிறகு நாட்டு மொழியானது, அவ்வளவே. 1861-இல் நாடு ஒன்றானபோது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதம் என்று கணித்தார் மொழியியலாளர் தூல்லியோ தெ மௌரோ; ஏறக்குறைய 10 சதவீதம் என்றார் இன்னொரு மொழியியலாளர் அர்ரிகோ கஸ்தெல்லானி. எதை எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒன்பது பேர் வெளியே. செங்கல் சுட வந்தவர்களில் பலர் நாட்டு மொழியைப் பள்ளியில் கற்றவர்கள், வீட்டில் பேசியவர்கள் அல்லர்.

ஆகவே எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. 'இத்தாலியர்கள் இப்படிச் செய்வார்கள்' என்று பேச்சாளர் தொடங்கினால் யாராவது 'எந்த ஊரில்?' என்று கேட்கலாம். முரட்டு விதிதான், ஆனால் பாதி அபத்தம் அதிலேயே வடிந்துவிடுகிறது. 'இப்போது' என்பதற்கு வடக்கே 'அதெஸ்ஸோ', டஸ்கனியில் 'ஓரா', ரோமிலும் அதற்குத் தெற்கே பல இடங்களிலும் 'மோ'. தர்ப்பூசணிக்கு வடக்கே 'அங்கூரியா', நடுநாட்டில் 'கொகோமெரோ'.

பயிற்சி மரியாதைச் சொற்களில். 'தூ' என்றால் நீ. பாடப்புத்தகம் சொல்லித்தரும் மரியாதைச் சொல் 'லெய்', அதன் நேர்ப்பொருள் 'அவள்'. 'தங்கள் சமூகம்' போன்ற பழைய பெண்பால் விளி ஒன்றிலிருந்து வந்தது, ஆணுக்கும் அதுதான். வினையும் படர்க்கையில் போகும். தெற்கத்தி முதியவர்களோ 'வோய்' என்பார்கள். பன்மையையே மரியாதைக்குப் பயன்படுத்துவது, நம் 'நீங்கள்' மாதிரி. 1938-இல் முசோலினி ஆட்சி 'லெய்'யை விலக்கி 'வோய்'யைத் திணிக்கப் பார்த்தது. அதனால் 'வோய்' என்றாலே பாசிசம் என்று நினைக்கிறார்கள் சிலர். மொந்தெஃபல்சியோனே பாட்டியின் 'வோய்'க்கும் முசோலினிக்கும் சம்பந்தமில்லை, அது அவருக்கு வெகு முந்தியது.

வழக்கமான தவறு: 'லெய்' என்று தொடங்கிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் 'உன் வீடு' என்று 'தூஆ காஸா'வுக்கு இறங்குவது. 'சூஆ காஸா' என்றே கடைசிவரை போக வேண்டும். 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், உன் பிள்ளைகள் சௌக்கியமா' என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கும்.

25 பிப்ரவரி, செவ்வாய்

அடுத்த செவ்வாய் கார்னிவல் முடிகிறது, மறுநாள் தவக்காலம். அதனால் இன்று எண்ணெய்ப் பலகாரம். மிலானில் 'கியாக்கியெரே', வம்பளப்பு என்று பொருள். ரோமில் 'ஃப்ரப்பே'. டஸ்கனியில் 'சென்சி', கந்தல். பியேமொந்தேயில் 'புஜியே', பொய்கள். வெனிஸில் 'கலானி', பொலோஞாவில் 'ஸ்ஃப்ரப்போலே'. மாவு ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்துமஸுக்குக் கலகலா சுடும் வீடுகளுக்கு முறை புதிதாக இருக்காது, தடிமன்தான் வேறு.

25 பேருக்கு: மைதா 500 கிராம், முட்டை 3, சர்க்கரை 70 கிராம், உருகாத மெத்து வெண்ணெய் 50 கிராம், கிராப்பா என்னும் திராட்சைச் சாராயம் 30 மில்லி, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், ஒரு சிட்டிகை உப்பு, பிசையும் பதம் பார்த்து வெள்ளை ஒயின் சில கரண்டி. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, மூடி, 30 நிமிடம் விட வேண்டும். விடாவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். பிறகு பாஸ்தா உருளையில் மடித்து மடித்து நான்கைந்து முறை விட்டு, 2 மில்லிமீட்டருக்கும் கீழே இறக்க வேண்டும். 5க்கு 10 சென்டிமீட்டர் துண்டு, நடுவே இரண்டு கீறல். எண்ணெய் 170 முதல் 175 டிகிரி, ஒரு தடவைக்கு மூன்று நான்குதான், மொத்தம் ஒரு நிமிடம்.

சாராயம் வாசனைக்கு மட்டும் இல்லை. எண்ணெயில் பட்டதும் சட்டென்று ஆவியாகி மேல்தோலைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் வரவில்லையென்றால் முதலில் தடிமனைப் பார்க்க வேண்டும், பிறகு எண்ணெய்ச் சூட்டை. இன்று இரண்டாவது குழு எட்டுத் துண்டை ஒன்றாகப் போட்டது. வெப்பமானி 150-க்குக் கீழே போயிற்று. வந்தது எண்ணெய் குடித்த பிஸ்கட். இன்னொரு குழு தேய்க்கும்போது தூவிய மாவைத் தட்டாமல் போட்டதால் எண்ணெய் நுரைத்து, அடியில் மாவு கருகி, அடுத்த ஈடெல்லாம் கரும்புள்ளி. பொடிச் சர்க்கரையை ஆறிய பிறகே தூவ வேண்டும், சூட்டில் தூவினால் பாகாகிவிடும்.

பெயர் எது என்று வாக்கெடுப்பு நடத்த ஒருவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று தடுத்தாயிற்று.

11 மார்ச், செவ்வாய்

இரண்டு எகரம், இரண்டு ஒகரம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. வாய் திறந்த எகரத்தோடு 'பெஸ்கா' என்றால் பீச் பழம். வாய் சற்று மூடிய எகரத்தோடு சொன்னால் மீன்பிடிப்பு. தமிழர்கள் உடனே எ, ஏ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீளம் மாறுவதில்லை, வாயின் திறப்புதான் மாறுகிறது. சொல்லின் கடைசியில் அழுத்தம் வந்தால் மட்டும் கோடு போட்டுக் காட்டுவார்கள்: 'கஃப்ஃபே'யின் கோடு இடப்பக்கம் சாய்ந்தது, திறந்த ஒலி, 'பெர்கே'யின் கோடு வலப்பக்கம் சாய்ந்தது, மூடிய ஒலி. கைப்பேசியில் 'பெர்கே'க்குத் தப்பான கோடு போடுவது இத்தாலியில் பிறந்தவர்களுக்கும் சகஜம். சிசிலிக்காரர்களுக்கு ஐந்தே உயிர். அவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

1524-இல் விச்சென்ஸா ஊர் எழுத்தாளர் ஜான் ஜோர்ஜோ திரிஸ்ஸினோ இதற்கு ஒரு வழி சொன்னார்: திறந்த ஒலிகளுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கடன் வாங்குவோம். ஃப்ளாரன்ஸ்காரர்கள் பாய்ந்தார்கள், யோசனை கரைந்துபோனது. உகரத்துக்கும் வகரத்துக்கும் தனித்தனி எழுத்து என்று அவர் கேட்டது மட்டும் பிற்காலத்தில் நிலைத்தது.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1680-இல் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்த பெஸ்கி, 1711-இல் தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆனவர். அந்நாள் தமிழில் எகர ஒகரக் குறிலுக்குத் தலையில் புள்ளி உண்டு; ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள். எரியா ஏரியா என்பதை இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று நாம் சொல்வது அவரைத்தான். தன் தாய்மொழியில் திரிஸ்ஸினோவால் முடியாததை ஓர் இத்தாலியர் தமிழில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கேட்டதும் கூடத்தில் இருந்த சிசிலித் தாத்தா, 'உங்கள் ஆட்கள் ஃப்ளாரன்ஸ்காரர்கள் இல்லையே, அதனால் முடிந்தது' என்றார்.

25 மார்ச், செவ்வாய்

தாந்தே நாள். 2020 முதல் இத்தாலி அரசு கொண்டாடுவது. 1300-ஆம் ஆண்டு இதே தேதியில்தான் கவிஞர் தாந்தேயின் 'திவீனா கொம்மேதியா' காவியத்தின் பயணம் தொடங்குகிறது என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். தாந்தேயே தன் காலத்து இத்தாலியில் குறைந்தது பதினான்கு பேச்சுவகைகளை எண்ணியவர். மொழிபெயர்ப்பை மட்டும் வாசித்துக் கைதட்டிக் கலையும் தாந்தே கூட்டங்களில் எனக்கு மதிப்பில்லை. காவியத்தின் முதல் மூன்று வரி போதும், வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு வரிக்குப் பதினோரு அசை, பத்தாவதில் அழுத்தம் கட்டாயம். முதல் வரி சிக்கலில்லை: நெல், மெத், ஸோ, தெல், கம், மின், தி, நோ, ஸ்த்ர, வீ, த. இரண்டாவதில் 'செல்வா ஒஸ்கூரா' வருகிறது. 'வா'வும் 'ஒ'வும் ஒரே அசையாக உருக வேண்டும். நம் குற்றியலுகரம் உயிர் வந்தால் ஓடிப்போகும்; இங்கே இரண்டு உயிரும் நிற்கும், அசைதான் ஒன்றாகும். மூன்றாவது வரியில்தான் எல்லாரும் விழுகிறார்கள்: 'கே ல திரித்த வீஅ ஏரா ஸ்மர்ரீத'. எல்லா உயிரையும் தனித்தனியாகச் சொன்னால் பன்னிரண்டு ஆகிவிடும். 'வீ' தனி அசை. அதன் வால் 'அ'வும் அடுத்த 'ஏ'யும் சேர்ந்து ஓர் அசை. 'வீஅ'வை ஒரே அசையாக அமுக்கிவிட்டு, 'ஏ'யைத் தனியாக நிறுத்தினாலும் கணக்குப் பதினொன்று வரும், காது ஒப்பாது.

எதுகை வரியின் கடைசியில். வீத, ஒஸ்கூரா, ஸ்மர்ரீத. அடுத்த மூன்றில் தூரா, ஃபோர்தே, பவூரா. நடு வரியின் ஓசையை அடுத்த மூன்றின் ஓரங்கள் பிடித்துக்கொள்ளும், சங்கிலி மாதிரி. காண்டத்தின் முடிவில் ஒற்றை வரி தனியே நின்று கொக்கியை மூடும்.

தாளில் உருகும் உயிர்களுக்கு அடியில் வளைகோடு போட்டு, 14 புள்ளி எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு அச்சடித்திருந்தோம். சென்ற வருடம் 11 புள்ளியில் கொடுத்ததை முதியவர்கள் படிக்கவே முடியவில்லை. இந்த வருடமும் ஒரு பிழை: தட்டச்சில் 'ஸ்மர்ரீத'வின் ஒரு 'ர்' விழுந்திருந்தது. தாளைப் பார்த்துப் படித்த ஆங்கிலக்காரர்கள் அப்படியே ஒற்றை 'ர்'ஓடு வாசித்தார்கள். புஸ்ஸோவிலிருந்து வந்த பாட்டி தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார், இரண்டு 'ர்'ரும் உருண்டன.