காதிரைச்சலோடு பல் டாக்டரிடம்: இயர் பிளக் காப்பாற்றாத இடங்கள்

பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங் முடிந்து காது பழைய நிலைக்குத் திரும்பப் பதினோரு நாள் ஆனது. மேல் கடைவாய்ப் பற்களில் மெஷின் முனை பட்ட அந்த இரண்டு நிமிடம்தான் காரணம். தவிர்த்திருக்க முடியும் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. போனில் முன்பே சொல்லியிருந்தேன். அது ரிசப்ஷனைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. நாற்காலியில் சாய்ந்த பிறகு மறுபடி சொன்னதற்கு, "அஞ்சு நிமிஷ வேலைதான் சார், பொறுத்துக்கோங்க" என்றார்கள். சத்தம் பட்டால் இரைச்சல் ஏறி, ஏறியது நாள்கணக்கில் இறங்காத காது உள்ளவர்களுக்கு அந்த ஐந்து நிமிஷம் என்னவென்று தெரியும்.

ஆகவே போனில் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதி, வாயைத் திறக்கும் முன் டாக்டர் கையில் கொடுங்கள். 'டின்னிடஸ்' (காதிரைச்சல்) என்று மட்டும் எழுதினால், நிறையப் பேருக்கு இருப்பதுதானே என்று விட்டுவிடுவார்கள். 'சத்தம் பட்டால் இரைச்சல் கூடும், ஹைப்பர்அக்யூசிஸும் உண்டு. அல்ட்ராசோனிக் ஸ்கேலர் வேண்டாம், கையால் செய்யுங்கள். ஏரோட்டர் தேவைப்பட்டால் ஐந்து ஐந்து நொடியாக. இடது கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்.' இவ்வளவு குறிப்பாக எழுதினால்தான் வேலை நடக்கிறது. (ஹைப்பர்அக்யூசிஸ் என்றால் சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போவது. அல்ட்ராசோனிக் ஸ்கேலர், அதிர்ந்து காரையை எடுக்கும் மெஷின். ஏரோட்டர், பல்லைத் துளைக்கும் அதிவேக மெஷின்.)

காலையில் முதல் அப்பாயின்ட்மென்ட், கதவு மூடும் அறை. ஒரே ஹாலில் மூன்று நாற்காலி போட்டிருந்தால், உங்கள் வேலை நின்றாலும் பக்கத்து நாற்காலியின் ஏரோட்டர் நிற்காது. பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவுதான், ஆனால் பெரிய கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் இருக்கும். இந்தக் காதுக்கு அது ஆகாது.

இயர் பிளக் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். பல்லில் படும் அதிர்வு காற்று வழியாக மட்டும் வருவதில்லை; தாடை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. காதை அடைத்தால் இந்த இரண்டாவது வழி மூடுவதில்லை. கீழ்ச்சுருதிச் சத்தமோ இன்னும் பலமாகக் கேட்கும். காதை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், புரியும். ஏரோட்டரின் கீச்சொலிக்கும் சக்‌ஷன் இரைச்சலுக்கும் பிளக் உதவும். சொத்தையைச் சுரண்ட மைக்ரோமோட்டர் என்ற வேகம் குறைந்த துளைக்கும் மெஷினை மெதுவாக ஓட்டும்போது வரும் உறுமலுக்கு உதவாது. அந்தக் கட்டத்தில் பிளக்கைக் கழற்றியதும் எனக்குச் சத்தம் குறைந்தது. ஃபோம் பிளக்கை நன்றாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, ஆழமாகச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். ஆழமாகப் போனால் இந்த உறுமல் தொல்லையும் குறைகிறது. பாதி வெளியே நின்றால் அதிகம். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் கம்ப்ரஸரின் மந்த ஓசையைக் குறைக்கும், கீச்சொலியிடம் தோற்றுவிடும். தலை சாய்க்கும் இடத்தில் இடிக்கவும் செய்யும். மரத்துப்போகும் ஊசியும் வலியைத்தான் தடுக்கும், அதிர்வை அல்ல.

அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. காற்றில் வந்தால் நம் காதுக்கு எட்டாத அதிர்வு அது. எலும்பு வழியே வந்தால் மிக உச்சமான கீச்சாகக் கேட்கும். மேல்தாடை மண்டையோட்டோடு சேர்ந்தே இருப்பதால் அங்கே இன்னும் மோசம். இதற்கு மாற்று, க்யூரெட், சிக்கிள் ஸ்கேலர் போன்ற கைக்கருவிகள். சுரண்டும் சத்தம் எலும்பில் கேட்கும், ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே ஓய்வு இருக்கிறது. பொது பல் மருத்துவர் தயங்கினால் ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்தவரைத் தேடுங்கள், கைக்கருவி அவர்களுக்கு அன்றாடம். வாயை நாலாகப் பிரித்து நாலு தடவை போக வேண்டிவரும். காரை ரொம்பக் கெட்டியாகி மெஷின் இல்லாமல் முடியாது என்றால், பவரைக் கடைசிப் படிக்கு இறக்கி, அந்தப் பல்லில் மட்டும் சில நொடிகள் பட்டு எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதீர்கள், முனை சூடாகிவிடும்.

சொத்தை சின்னதாக இருக்கும்போதே போங்கள். கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைக்கும் முறை ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக 1980களில் தான்சானியாவில் உருவானது. நமக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பப்பாளிப் பாலில் இருந்து எடுக்கும் பப்பேன் ஜெல்லைத் தடவி, சொத்தையை மிருதுவாக்கிச் சுரண்டுவதும் உண்டு. 38 சதவீத சில்வர் டையமின் ஃப்ளோரைடு சொத்தை பரவாமல் நிறுத்தும். பட்ட இடம் கறுத்துவிடும், கடைவாய்ப் பல்லில் யார் பார்க்கப் போகிறார்கள். சிமென்ட் கேப்ஸ்யூலைக் குலுக்கும் மிக்ஸர் திடீரென்று அலறும், பவுடரும் திரவமுமாகக் கையால் கலக்கச் சொல்லுங்கள்.

ரூட் கேனாலில் பல்லைத் திறக்கும் கட்டம் மட்டும்தான் ஏரோட்டர். நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் சுற்று. புது பர் (துளைக்கும் முனை) போட்டால் சீக்கிரம் வெட்டும், தேய்ந்த பர் நேரத்தை இழுக்கும். அதற்குப் பிறகு வேருக்குள் மெல்லிய அரம் விட்டுச் சுத்தம் செய்யும் ஃபைல் வேலை, பெரும்பாலும் அமைதி. வேரின் நீளம் பார்க்கும் கருவியின் பீப் ஒலியைக் குறைத்து வைக்கலாம், யாரும் தானாகச் செய்வதில்லை. கேப்புக்காகப் பல்லைச் செதுக்குவதுதான் எல்லாவற்றிலும் நீளமானது. அதை இரண்டு நாளாகப் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். எச்சில் உறிஞ்சும் குழாய் கன்னத்தைக் கவ்வினால் திடீரென்று கிறீச்சிடும். அதை எடுத்துவிட்டு எழுந்து துப்பிக்கொள்வதே எனக்குச் சரிப்பட்டது.

ஊசியைப் பற்றி ஒன்று முக்கியம். இங்கே வழக்கமாகப் போடும் 2 சதவீத லிக்னோகெய்ன் மரப்பு மருந்தில் 80,000இல் ஒரு பங்கு அட்ரினலின் இருக்கிறது. அதனால் சில நிமிடம் நெஞ்சு படபடத்து, இரைச்சலும் கூடலாம். பயப்பட வேண்டாம், அடங்கிவிடும். ஆனால் புதிதாகக் காது இரைவதும், உதட்டைச் சுற்றி மரமரப்பும், வாயில் உலோகச் சுவையும், தலைசுற்றலும் சேர்ந்து வந்தால், மருந்து ரத்தத்தில் அதிகமாகிவிட்டதன் அறிகுறி. ஏற்கெனவே இரைச்சல் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. அதனால்தான் வழக்கமான இரைச்சல் எப்படி இருக்கும் என்று ஊசிக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

வாயை நெடுநேரம் அகலத் திறந்தாலே சிலருக்கு இரைச்சல் ஏறும், தாடை மூட்டு காதுக்கு அத்தனை பக்கம். பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொள்ளும் பைட் பிளாக் கேட்டு வாங்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாயை மூடிக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டையும் அங்கேயே படியுங்கள். ஆஸ்பிரின் அதிக அளவில் இரைச்சலைக் கூட்டும், மற்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. லேசான வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று கேட்கலாம். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் காது விஷயத்தை நினைவூட்டுங்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு ஹாரன் வழியாக பைக்கில் வராதீர்கள். வீட்டில் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் அளவுக்கு ஒரு மெல்லிய சத்தத்தை ஓடவிடுங்கள். நாள் முழுக்க அடைத்து வைத்தால் காது இன்னும் கூசத் தொடங்கும்.

நான் இரண்டாவதாகப் போன கிளினிக்கில், வாரம் ஒன்றாக நாலு தடவை, எல்லாம் கைக்கருவி. மூன்றாவது தடவை மட்டும் ஒருநாள் இரைச்சல் ஏறி இறங்கியது. கடைசி நாள் கேஸ் ஷீட்டின் தலைப்பில் 'அல்ட்ராசோனிக் கூடாது' என்று அந்த டாக்டரம்மாவே சிவப்பு மையில் எழுதி வைத்தார்.